கூரையில்லாத பெட்டி

தேவகனி கட்டிய ரயில் எதுவும் எங்கள் வீட்டில் ஒரு கிறிஸ்மஸுக்கு மேல் தங்கியதில்லை. கட்டி முடிப்பாள், ஓட்டுவாள், அயர்லாந்தில் இருக்கும் எங்கள் மகள் ஷைஜாவுக்கு வீடியோ அனுப்புவாள். வந்தவர்கள் எல்லாரும் பார்த்துப் புகழ்ந்து ஓய்ந்த பிறகு ஒரு நாள் காலையில் காப்பி குடித்துக்கொண்டே பிரித்துப் போட்டுவிடுவாள். எனக்குத்தான் வயிறு எரியும்.

"ஒண்ணையாவது வெச்சிருக்கப்பிடாதா?" என்பேன்.

"பிரிக்காம அடுத்தத எத வெச்சுக் கெட்டுவேன்? கட்ட நீங்க தருவீங்களா?" என்பாள்.

கட்டை என்று அவள் சொன்னது லெகோ கட்டைகளை. ஒன்றின்மேல் ஒன்றை வைத்து அழுத்தினால் கடித்துக்கொள்ளும் சின்னச் சின்ன பிளாஸ்டிக் துண்டுகள். குவைத்தில் குழந்தைகள் வார்டில் அவள் நர்ஸாக இருந்தபோது, வார்டைப் புதுப்பிக்கிறோம் என்று பழைய விளையாட்டுச் சாமான்களைக் குப்பையில் போடப் பார்த்தார்கள். அதில் ஒரு பெட்டி கட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். அவளுடன் வேலை பார்த்தவர்கள் ஊருக்கு வரும்போது பால்பொடியும் தைலமும் கம்பளியும் கொண்டுவந்தார்கள். இவள் பெட்டியைத் திறந்தால் சேலை மடிப்புக்குள்ளிருந்து சக்கரம் உருண்டு விழும்.

ஊரோடு வந்து தங்கிய பிறகும் அவளுடைய நர்ஸ் புத்தி போகவில்லை. கட்டைகளை வலைப்பையில் போட்டு டெட்டால் தண்ணீரில் அலசுவாள். சுளவில் பரப்பி மொட்டைமாடியில் காயவைப்பாள். ஒருமுறை காகம் ஒன்று சிவப்பு விளக்குக் கட்டையைக் கொத்திக்கொண்டு போய்விட்டது. அந்த வருஷத்து ரயில் பின்னால் ஒற்றை விளக்கோடுதான் ஓடியது. இறுகிப்போன கட்டைகளைப் பிரிக்க ஆபரேஷன் தியேட்டரில் ரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கி வைத்திருந்தாள். அதைக் கையில் எடுத்துவிட்டால் வீட்டில் யாரும் பேசக்கூடாது.

நான் நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்த்தவன். இரணியலில் இருந்து, எல்லா ஸ்டேஷனிலும் நின்று போகும் பாசஞ்சரில் போய், பாசஞ்சரில் திரும்பி, அப்படியே ஓய்வும் பெற்றுவிட்டேன். அதனால் பெட்டி ஒன்று முடிந்ததும் தேவகனி என்னைக் கூப்பிடுவாள்.

"இஞ்ச வாங்க. புரூஃப் பாத்துத் தாங்க."

நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேஜைமேல் குனிவேன். கதவுக்குப் பக்கத்தில் ஜன்னல் இவ்வளவு நெருக்கமாக இருக்காது, படிக்கட்டு இன்னும் கீழே இறங்கும் என்று ஏதாவது சொல்வேன். "உங்களுக்குக் குற்றம் கண்டுபிடிச்சாத்தான் சோறு இறங்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே இடுக்கியை எடுப்பாள். நான் ஒன்றும் சொல்லாவிட்டால் அதற்கும் கோபம் வரும். "ஒழுங்கா பாத்தீங்களா?"

அந்த ரயில்களில் பெட்டியும் பெட்டியும் சேர கொக்கி கிடையாது. ஒவ்வொரு முனையிலும் மிளகு அளவுக்கு ஒரு காந்தம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் கொண்டுபோனால் 'டக்' என்று முத்தமிட்டுக்கொள்ளும். எஞ்சினுக்குள் பேட்டரியும் மோட்டாரும் உண்டு. ரிமோட்டை அழுத்தினால் எஞ்சின் போகும், பின்னால் பெட்டிகள் முத்தத்தை விடாமல் போகும். இந்த விஷயத்தில் தேவகனிக்கு ஒரே ஒரு சட்டம்தான்: ரயில் இருக்கும் அறைக்குள் கடற்கரை மண் வரக்கூடாது. மணவாளக்குறிச்சிப் பக்கம் போய்விட்டு வந்தால் செருப்பை மட்டுமல்ல, காலையும் வெளியே கழுவிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அதுவும் நர்ஸ் புத்திதான் என்று நான் நினைத்திருந்தேன்.

கிறிஸ்மஸுக்கு வீட்டில் வைக்கும் குடிலை எங்கள் பக்கத்தில் புல்கூடு என்போம். வைக்கோல் கூரை, களிமண் பொம்மைகள், முளைவிட்ட நெல், சீரியல் லைட். எங்கள் சபையில் வருஷா வருஷம் புல்கூடு போட்டி உண்டு. தேவகனி முதல்முறை கலந்துகொண்டபோது புல்கூட்டைச் சுற்றித் தண்டவாளம் போட்டிருந்தாள். குழித்துறைப் பாலம் மாதிரி ஒரு மேடு, அதில் ஏறி இறங்கும் ரயில். பின்னால் ஒரு திறந்த சரக்குப் பெட்டியில், பாலனைப் பார்க்க வரும் மூன்று ஞானிகளும் ஏறி வந்தார்கள். நடுவர், சபையில் ஜெபம் நடத்தும் எங்கள் உபதேசியார் சுந்தர்சிங். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"எல்லாம் கொள்ளாம். ஆனா தேவகனியக்கா, பெத்லகேம்ல ஏது டிரெயின்?"

"உபதேசியாரே, ஞானிகள் எதுல வந்தாங்க?"

"ஒட்டகத்துல."

"எந்த வசனம்?"

உபதேசியார் சிரித்துக்கொண்டே பைபிளைத் திறந்தார். மத்தேயுவில் விரலை ஓட்டினார். சிரிப்பு குறைந்தது. கிழக்கிலிருந்து வந்தார்கள் என்றிருந்தது, நட்சத்திரம் இருந்தது, பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் இருந்தன. ஒட்டகத்தை மட்டும் காணவில்லை.

"நடந்து வந்திருப்பாங்களா இருக்கும்" என்றார்.

"பாசஞ்சர்ல வந்தாங்க. அதாக்கும் ஜனவரி ஆறு ஆச்சு."

ஞானிகள் வந்து சேர்ந்த நாள் என்று சபை கொண்டாடுவது ஜனவரி ஆறைத்தான். ஆறுதல் பரிசாக ஒரு பிளாஸ்டிக் வாளி கிடைத்தது. ஆனால் அதற்குப் பிறகு, எங்கள் தெருவில் கிறிஸ்மஸ் என்றால் அந்த ரயில் என்றாகிவிட்டது. பக்கத்து வீட்டுக் கிருஷ்ணமணி அய்யாவழிக்காரர், கிறிஸ்தவர் அல்ல. மெயின் ரோட்டில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். தண்டவாளம் போடுகிற அன்று மட்டும் கடையை மத்தியானமே பூட்டிவிட்டு வந்துவிடுவார்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஜூலை மாதம், தேவகனி இறந்துபோனாள். காலையில் நெஞ்சு கனக்கிறது என்றாள். கிருஷ்ணமணிதான் காரை எடுத்தார். வாழ்நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் நின்றவள் அன்று ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

மேஜைமேல் அவள் கட்டிக்கொண்டிருந்த ரயில் அப்படியே நின்றது. நான் போய்வந்த பழைய நீலநிறப் பாசஞ்சர். ஷைஜா பார்சலில் அனுப்பிய கட்டைகளில் கட்டியது. எஞ்சின் முடிந்திருந்தது. இரண்டு பெட்டிகள் முடிந்து, நான் புரூஃப் பார்த்தும் ஆகியிருந்தது. கடைசிப் பெட்டிக்கு மட்டும் கூரை இல்லை. உள்ளே இருக்கைகளும் இல்லை. ஏதோ தடுப்புச் சுவர்கள் எழும்பி நின்றன, ஒரு நீளமான அறை, இரண்டு சிறிய அறைகள். ஒரு பெர்த்தும் இரண்டு கழிப்பறையும் கட்ட ஆரம்பித்தாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அதைப் பார்த்துக்கொண்டே மாதங்கள் போயின. டிசம்பர் நெருங்க நெருங்க எனக்கு ஒரே ஓர் எண்ணம்தான். இந்த ரயில் ஒரு தடவையாவது ஓடவேண்டும். மற்றதையெல்லாம் அவள் ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் பிரித்தாள். இது ஓடாமலே நிற்கக்கூடாது.

அதற்குக் குறுக்கே இரண்டு தடைகள். ஒன்று, அந்தக் கூரை. இன்னொன்று ஜெனிலா.

ஜெனிலா தேவகனியின் தங்கை. நான் தனியாக இருக்கக்கூடாது என்று அருமனையில் ரப்பர் தோட்டத்தையும் வீட்டுக்காரரையும் விட்டுவிட்டு டிசம்பரில் வந்து தங்கினாள். சாவு விழுந்த வீட்டில் அந்த வருஷம் ஸ்டார் கட்டுவதில்லை, புல்கூடு வைப்பதில்லை, பலகாரம் சுடுவதில்லை. அக்கம்பக்கத்தில் கொண்டுவந்து தருவார்கள், வாங்கிக்கொள்ளலாம். இதில் ஜெனிலா இம்மி பிசகமாட்டாள்.

நான் மெல்ல ஆரம்பித்தேன். "ஸ்டார் வேண்டாம். புல்கூடு வேண்டாம். டிரெயின மட்டும் கொஞ்சம் ஓட்டிப் பாக்கட்டா?"

"அத்தான், உங்களுக்கு என்ன ஆச்சு? டிரெயின் ஓடினா அது கிறிஸ்மஸ் ஆக்கும்."

"அப்பம் இரணியல்ல நிதம் கிறிஸ்மஸா?"

"இந்தப் பேச்செல்லாம் அக்காகிட்ட வெச்சுக்கிடணும். ஊர்ல நாலு பேரு என்ன சொல்லுவாங்க? பெண்டாட்டி போயி ஒரு வருஷம் ஆகல்ல, மனுசன் பொம்ம வெச்சு விளையாடுதாருன்னு சொல்லமாட்டாங்களா?"

வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கிருஷ்ணமணி என் கட்சிக்கு வந்தார். "ஏட்டி ஜெனிலா, தங்கையன் சார் விளையாடல்ல. அது அக்கா செஞ்ச வேல."

"நீங்க சும்மா கெடங்கண்ணே. உங்களுக்கு எங்க சபை வழக்கம் தெரியுமா?"

"தெரியாதுதான். டிரெயின் ஓட்டப்பிடாதுன்னு எந்தச் சபையில வழக்கம்?"

தீர்ப்புக்கு உபதேசியாரையே அழைப்பது என்று ஜெனிலா முடிவுசெய்தாள். அவர் தன் பக்கம்தான் பேசுவார் என்று அவளுக்கு உறுதி. சுந்தர்சிங் வந்து உட்கார்ந்து, கட்டன் சாயா குடித்து, மேஜைமேல் நின்ற நீல ரயிலைக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார்.

"துக்க வீட்டுல ஸ்டார் கெட்டப்பிடாது, புல்கூடு வைக்கப்பிடாது. அது நம்ம வழக்கம்" என்றார்.

"கேட்டீங்களா அத்தான்?"

"டிரெயினப் பத்தி என்ன வசனம்னு கேட்டா நான் சொல்லமாட்டேன். இந்த வீட்டுல நான் வசனம் தேடித் தோத்தவன்."

ஜெனிலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். உபதேசியார் தொடர்ந்தார். "கேரல் ரவுண்டு வரும்போ இஞ்சயும் ஏறுவோம். டிரம் அடிக்கமாட்டோம். ஒரு பாட்டு, ஒரு ஜெபம். ஜெபத்துல நான் கண்ண மூடிக்கிடுவேன். அந்த நேரம் வீட்டுல என்ன ஓடுது, ஓடல்லன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் போனபிறகு ஜெனிலா சொன்னாள்: "சரி. ஜெபம் முடியற வரைதான். பொம்மைங்க ஒண்ணையும் வெளிய எடுக்கப்பிடாது. புல்கூட்டுப் பொம்ம மச்சுலயே கெடக்கட்டும்."

கூரைப் பிரச்சினையை நானே தீர்த்தேன். ஹார்லிக்ஸ் பாட்டில்களில் நிறம் நிறமாகப் பிரித்து வைத்திருந்த கட்டைகளில் தேடிச் சாம்பல்நிறப் பட்டைகள் சிலதைப் பொறுக்கினேன். எவ்வளவு அழுத்தியும் அந்தப் பெட்டியில் அவை சரியாகக் கடிக்கவில்லை. தடுப்புச் சுவர்கள் இடித்தன. கடைசியில் மேலே சும்மா உட்காரவைத்து, பார்க்கக் கூரை மாதிரி இருக்கிறது என்று சமாதானம் ஆனேன். தேவகனி இருந்தால் இந்தப் புரூஃபைத் திருப்பி அனுப்பியிருப்பாள்.

கேரல் வரும் நாள் மத்தியானம் கிருஷ்ணமணி கடையைப் பூட்டிவிட்டு வந்தார். முன்னறைத் தரையில் இருவரும் தண்டவாளத்தைப் போட்டு, பாலத்து மேட்டைத் தூக்கி நிறுத்தினோம். ஓட்டிப் பார்த்தோம். அழகாக ஏறி அழகாக இறங்கியது. அதோடு விட்டிருக்கலாம். கிருஷ்ணமணி இடுப்பில் கைவைத்து நின்றார்.

"சார், தண்டவாளம் மொட்டையா கெடக்கு. ஜல்லி போடாம எந்த லைன்ல டிரெயின் ஓடுது?"

"ஜல்லிக்கு எங்க போக?"

"ஸ்கூட்டர எடும்."

மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் மண் கருப்பாக இருக்கும், கண்மை தூவியது போல. ஒரு பை நிறையக் கொண்டுவந்து தண்டவாளத்தின் இரு பக்கமும் நடுவிலும் தூவினோம். அசல் ரயில் பாதை மாதிரியே இருந்தது. தேவகனியின் சட்டம் எனக்கு நினைவு வராமல் இல்லை. பிறகு ஈரத்துணியால் துடைத்துவிட்டால் போயிற்று என்று எண்ணிக்கொண்டேன். பெட்டிகளைத் தூக்கிவைக்கும்போது கை தவறி இரண்டு மண்ணுக்குள் சரிந்தன. எடுத்து ஊதிவிட்டுத் தண்டவாளத்தில் ஏற்றினேன். கருப்புக் காந்தத்தில் கருப்பு மண், என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. புரூஃப் பார்த்த கண்!

இருட்டியதும் கேரல்காரர்கள் வந்தார்கள். டிரம்மைக் கேட்டுக்கு வெளியே வைத்துவிட்டு, செருப்பைக் கழற்றி, பூனை மாதிரி உள்ளே வந்தார்கள். தரையைப் பார்த்ததும் ஆளுக்கு ஆள் முழங்கையால் இடித்துக்கொண்டார்கள். ஒரு பாட்டு பாடினார்கள், மெதுவாக. ஜெனிலா சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்தாள். பிறகு உபதேசியார், "எல்லாரும் தலையைக் குனிந்து ஜெபிப்போம்" என்றார்.

எல்லாரும் தலையைக் குனிந்தார்கள். ரயில் தரையில்தானே நின்றது. யாருக்கும் வசதிக் குறைவு இல்லை.

கிருஷ்ணமணி என் விலாவில் இடித்தார். நான் ரிமோட்டை அழுத்தினேன்.

"ஆறுதலின் தேவனே..." என்று உபதேசியார் ஆரம்பித்தார். எஞ்சின் உறுமிக்கொண்டு கிளம்பியது. பின்னாலேயே மூன்று நீலப் பெட்டிகளும். ரயில் சமதளத்தில் வளைந்து வந்து பாலத்து மேட்டில் ஏறத் தொடங்கியது. பாதி ஏறியபோது எஞ்சின் மட்டும் தனியாகப் போய்விட்டது.

மூன்று பெட்டிகளும் கொஞ்சம் யோசித்துவிட்டு, பின்பக்கமாக உருண்டு இறங்கி, மேட்டின் அடியில் வந்து நின்றன. எஞ்சினுக்கு எந்தக் கவலையும் இல்லை. பாரம் குறைந்த சந்தோஷத்தில் பாலத்தைத் தாண்டி, மேஜைக்காலைச் சுற்றி ஓடியது.

"போச்சு" என்றார் கிருஷ்ணமணி, காதுக்குள்.

வட்டப் பாதை அல்லவா. போன எஞ்சின் பின்னாலிருந்து திரும்பி வந்தது. நின்றுகொண்டிருந்த கடைசிப் பெட்டியை நோக்கி நேராக, முழு வேகத்தில்.

"அத்தான், நிறுத்துங்க! இடிக்கப் போவுது!" ஜெனிலா ஜெபம் என்பதையும் மறந்து கத்தினாள். என் கட்டைவிரலுக்கு எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. எதையோ அழுத்தினேன், வேகம் கொஞ்சம் குறைந்தது. அவ்வளவுதான்.

டக்.

கடைசிப் பெட்டியின் கூரை எழும்பி மண்ணில் விழுந்தது. எஞ்சின் ஒரு கணம் திணறி, பிறகு உறுமி, அந்த மூன்று பெட்டிகளையும் பின்னாலிருந்து தள்ள ஆரம்பித்தது. மேட்டில் ஏற்றியது. உச்சி வரைக்கும் தள்ளிக்கொண்டு போய், அந்தப் பக்கம் இறக்கியது.

"எலேய், தள்ளுதுலே" என்று கேரல் கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். முதலில் சிரித்தது யாரென்று தெரியாது. ஆனால் ஜெனிலாவின் சிரிப்பு எனக்குக் கேட்டது. அக்காள் சிரிப்பு மாதிரியே, மூக்கிலிருந்து வருவது.

உபதேசியார் குரலை உயர்த்தினார். "...முன்னாலே இழுத்தும், வேண்டுமானால் பின்னாலே தள்ளியும் எங்களை நடத்துகிற கர்த்தாவே, இந்தக் குடும்பத்தை ஆசீர்வதியும். ஆமென்."

கண்ணை மூடி ஜெபித்தவருக்கு எஞ்சின் தள்ளுவது எப்படித் தெரிந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ரயிலை ஒருவழியாக நிறுத்தினேன். கிருஷ்ணமணி எஞ்சினைத் தூக்கிப் பார்த்தார். காந்தத்தில் கருப்பு மண் தாடிபோல முளைத்திருந்தது. ஊதினால் போகவில்லை, தட்டினால் போகவில்லை. எல்லாப் பெட்டிகளுக்கும் தாடி. அந்த மண்ணில் இரும்பு கலந்திருப்பது மணவாளக்குறிச்சியைச் சுற்றிப் பிறந்த எங்கள் எல்லாருக்கும் தெரியும். சின்ன வயதில் காந்தத்தைக் கயிற்றில் கட்டி அந்தக் கரையில் இழுத்து விளையாடாதவன் யார்? அந்த மண்ணைத்தான் ஒரு பை நிறைய அள்ளிக் காந்தத்துக்குப் பக்கத்தில் கொட்டியிருக்கிறோம்.

"ஜல்லி இல்லாம எந்த டிரெயின் ஓடும்னு கேட்டாரே ஓராளு" என்றேன்.

"கால கழுவிட்டு வாங்கன்னு அக்கா சொல்லும்போ எனக்குக் கோவம் வரும் சார். இதுக்காக்குமா?" என்றார் கிருஷ்ணமணி, தலையைச் சொறிந்துகொண்டு.

ஜெனிலா தரையில் மண்டியிட்டு, விழுந்த கூரையை எடுத்துப் பெட்டிமேல் வைக்கப் போனாள். வைக்கவில்லை. பெட்டிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், இதென்ன உள்ள?"

"ஒரு பெர்த்து, ரெண்டு கக்கூஸ். முடிக்கல்ல."

"எங்கக்கா பெட்டி முழுக்க கக்கூஸ் கெட்டுவாளா?" விரலை விட்டு அந்த அறைகளை அளந்தாள். ஒரு நீள அறை, இரண்டு சிறிய அறை. எழுந்தாள். கேரல்காரர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனாள். மச்சில் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது முந்தானையில் மூன்று பொம்மைகள் இருந்தன.

எங்கள் புல்கூட்டு ஞானிகள். இரண்டு பேர் நிற்பார்கள். ஒருவர் பொன்பெட்டியை நீட்டிக்கொண்டு மண்டியிட்டிருப்பார். மண்டியிட்டவரை நீள அறையில் இறக்கினாள். காலிலிருந்து நீட்டிய கை வரைக்கும் கச்சிதமாக உட்கார்ந்தார். நின்றவர்கள் இரண்டு சிறிய அறைகளில், ஆடாமல். மூன்று கிரீடங்களும் ஜன்னலுக்கு மேலே எழும்பி நின்றன. அந்தப் பெட்டிக்கு எந்தக் கூரையும் போட முடியாது.

ஆறு மாதமாகப் பாதியில் நிற்கிறது என்று நான் நினைத்த ரயில் அது. அதில் பாக்கி ஒன்றும் இல்லை. ஜூலை மாதமே முடித்து வைத்துவிட்டாள், புரூஃப் பார்க்க என்னைக் கூப்பிடுவது மட்டும்தான் மீதி.

கிருஷ்ணமணி குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார். "ஏட்டி, பொம்மைய வெளிய எடுக்கப்பிடாதுன்னு சொன்னது நீயில்லியா?"

"புல்கூட்டுப் பொம்மையத்தான் சொன்னேன். இவங்க இன்னும் புல்கூட்டுக்கு வந்து சேரல்லியே. வழியிலதானே இருக்காங்க" என்றாள் ஜெனிலா. உபதேசியாரைப் பார்த்தாள். "தப்பா உபதேசியாரே?"

"வழியில போறவங்களத் தடுக்க எனக்கு ஒரு வசனமும் தெரியாது" என்றார் அவர். அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது என்று கேட்டுக்கு வெளியே டிரம்காரர் குரல் கொடுத்தார். யாரும் நகரவில்லை.

ராத்திரிச் சாப்பாட்டுக்குச் சப்பாத்தி மாவு பிசைந்து வைத்திருந்தாள் ஜெனிலா. அதில் ஓர் உருண்டையைக் கொண்டுவந்து ஒவ்வொரு காந்தத்திலும் ஒற்றி ஒற்றி எடுத்தாள். மண் மாவோடு வந்தது. வாரியலை என் கையிலும் முறத்தைக் கிருஷ்ணமணி கையிலும் கொடுத்தாள். நாங்கள் இருவரும் எங்கள் ஜல்லியைத் துளி விடாமல் பெருக்கி அள்ளினோம். கேரல்காரர்கள் காலைத் தூக்கித் தூக்கி வழிவிட்டார்கள்.

எஞ்சினும் பெட்டிகளும் மறுபடி முத்தமிட்டுக்கொண்டன. நான் ரிமோட்டை எடுக்கப் போனேன். ஜெனிலா பிடுங்கிக்கொண்டாள்.

"உங்களுக்கு நிறுத்தத் தெரியல்ல. இஞ்ச தாங்க."

நீலப் பாசஞ்சர் மேட்டில் ஏறியது. கடைசிப் பெட்டியில் மூன்று கிரீடங்களும் அசையாமல் போயின.

"எப்பம் வந்து சேருவாங்களாம்?" என்று கிருஷ்ணமணி கேட்டார்.

"ஜனவரி ஆறு" என்றாள் ஜெனிலா. "பாசஞ்சர் இல்லியா."